கடை மூடப்பட்டால் முற்பணத்தை மீட்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன்னர் திருகோணமலை நகரில் ஒரு தளபாடக் கடையில் அக்காவின் புது வீட்டுக்கான அலுமாரிக்கு 40,000 ரூபாய் முற்பணம் கட்டியிருந்தோம். ஒரு திங்கட்கிழமை அதன் இரும்புக் கதவு திறக்கப்படவில்லை. "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்ற தாள் மட்டும் ஒட்டியிருந்தது. எங்கள் கையில் இருந்ததோ கார்பன் தாளில் பதிந்த, முத்திரை மங்கிய ஒரு பற்றுச்சீட்டு. முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தே மூன்று வாரங்களைக் கழித்தோம். அந்த மூன்று வாரங்களில் செய்திருக்க வேண்டியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் யார் என்பதாகும். பெயர்ப்பலகையின் மீது வழக்குப் போட முடியாது. பற்றுச்சீட்டின் தலைப்பில் கடைப் பெயரை அடுத்து "பிரைவேட் லிமிட்டெட்" என்று இருந்தால், உங்களுக்குக் கடன்பட்டிருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு கம்பனி. அதன் கடனுக்காக இயக்குநரின் சொந்த வீட்டையோ காணியையோ பொதுவாகத் தொட முடியாது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் தனி ஒருவருடைய அல்லது சில பங்காளிகளுடைய வியாபாரமாக இருக்கும். அந்நிலையில் கடை மூடப்பட்டாலும் கடன் அவர்கள் தலையிலேயே நிற்கும். வாடிக்கையாளருக்கு இதுவே சாதகமான நிலை. வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி அந்தந்தப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்: திருகோணமலை நகரக் கடை என்றால் "பட்டினமும் சூழலும்" என்ற பெயருடைய பிரதேச செயலகம், மற்றப்படி கிண்ணியா, மூதூர் என்று கடை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அந்தப் பதிவுச் சான்றிதழ் பல கடைகளில் காசாளர் மேசைக்கு மேலே, பிள்ளையார் படத்துக்கோ 786 எழுதிய சட்டத்துக்கோ பக்கத்தில் தொங்கும். பெரிய தொகை முற்பணம் கட்டும் அன்றே அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வங்கி அட்டையால் பணம் செலுத்தியிருந்தால் கடைக்காரரைத் தேடுவதற்கு முன்னரே வங்கிக்குப் போங்கள். பொருள் கிடைக்கவில்லை என்று எழுத்தில் முறையிட்டு, அக்கொடுப்பனவைத் திருப்பும்படி கேட்கலாம். இதற்குக் காலவரையறை உண்டு. பொதுவாக 120 நாட்கள் என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது நல்லதல்ல. வங்கி சரியாகப் பதிலளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். காசாகக் கொடுத்தவருக்கு இந்த வழி இல்லை.

அடுத்தது கடிதம். உரிமையாளரின் பெயருக்கும் பதிவான முகவரிக்கும், பணம் கட்டிய திகதி, தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், பொருளின் விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இத்தனையாம் திகதிக்குள் பொருளையோ பணத்தையோ தர வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற்கந்தோர் தரும் துண்டைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். அதே விவரங்களுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அம்முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். "அடுத்த மாதம் வரும், அதற்கடுத்த மாதம் வரும்" என்று முதலாளி சொல்லும் தவணைகளும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1977 என்ற இலக்கத்தில் விவரம் கேட்டுக்கொண்டு, நாம் இன்னும் கச்சேரி என்றே சொல்லும் மாவட்டச் செயலகத்துக்குப் போகலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தரவோ நட்டஈடு கொடுக்கவோ பணிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் வெறும் பெட்டியில் இருந்து எந்தச் சபையாலும் காசு எடுத்துத் தர முடியாது.

பூட்டிய கடைக்குள் உங்கள் பொருள் இருந்தால் நிலைமை வேறு. திருத்தக் கொடுத்த தொலைக்காட்சி எப்போதும் உங்களுடையதே. கடைக்காரரின் கடனுக்காக அதை விற்க முடியாது. முழுப் பணமும் கட்டி, உங்கள் பெயர் எழுதி ஒதுக்கி வைக்கப்பட்ட பொருளையும் உங்களுடையது என்று வாதிட இடமுண்டு. இனிமேல்தான் செய்யப்படவிருந்த அலுமாரிக்கு அவ்வாறு உரிமை கோருவது கடினம். வாடகை நிலுவைக்காகக் கட்டட உரிமையாளரே பூட்டுப் போட்டிருந்தால் அவருக்கும் உடனே எழுத்தில் அறிவியுங்கள். பூட்டை உடைக்கப் போகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பொலிசில் நீங்களே பதில் சொல்ல வேண்டி வரும்.

கம்பனி முறைப்படி கலைக்கப்பட்டால், அதன் சொத்துகளை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் கலைப்பாளரிடம் ஆதாரங்களுடன் உங்கள் கோரிக்கையைப் பதிய வேண்டும். சொத்தை ஈடாகப் பிடித்த வங்கி, கலைப்புச் செலவு, ஊழியர் சம்பளம், சேமலாப நிதி நிலுவை, வரி ஆகியவற்றுக்குப் பின்னரே முற்பணம் கட்டியவரின் முறை வரும். முழுத் தொகையும் கிடைப்பது அரிது. பதியாதவருக்கு அந்தச் சிறு பங்கும் கிடைக்காது போகலாம்.

வாரண்டி அட்டையில் யாருடைய முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். இறக்குமதி முகவருடையது என்றால் கடை போனாலும் வாரண்டி போகாது. நிதிக் கம்பனி மூலம் தவணைக்கு எடுத்த பொருள் கையில் இருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். கடையுடன் அக்கடன் தீர்வதில்லை.

எங்கள் விடயம் மத்தியஸ்த சபையில் முடிந்தது. சட்டத்தரணி தேவைப்படவில்லை, முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, நான்கு தவணைகளில் தருவதாகக் கையெழுத்திட்டார். மூன்று தவணைகள் வந்தன. நான்காவதுக்காக அக்கா அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.