கிளவுடில் ஏற்றும் முன் தரவுத்தள இணைப்புகளைக் கணக்கிடுங்கள்
சர்வரிலேயே பக்கங்களை உருவாக்கி அனுப்பும் வலைச் செயலியைக் கிளவுடில் ஏற்றும்போது, சொந்தக் கணினியில் ஒருமுறைகூடத் தலைகாட்டாத சிக்கல் ஒன்று தரவுத்தள இணைப்புகளில் எழக்கூடும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இயல்பமைப்பில் 100 இணைப்புகளையே ஏற்கும்; அவற்றிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. ஒரே நேரத்தில் ஓடும் செயலியின் ஒவ்வொரு பிரதியும் 20 இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளுமாறு அமைத்திருந்தால், 4 பிரதிகள் வரை எல்லாம் சீராக ஓடும். பயனர்கள் பெருகி ஐந்தாவது பிரதி எழும்போதுதான், மீதமுள்ள இடங்கள் நிர்வாகிக்கு உரியவை என்னும் பிழைச்செய்தி லாகில் (நிகழ்வுப் பதிவில்) வந்து விழும். புதிய பதிப்பை ஏற்றும் சில நிமிடங்களில் பழைய பிரதிகளும் புதியவையும் சேர்ந்தே ஓடுவதுண்டு என்பதால், கணக்கை இரு மடங்காகவே போட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உச்சவரம்பை உயர்த்திவிடலாம் என்று தோன்றும், ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனிச் செயல்முறையாக நினைவகத்தைத் தின்னும். ஆகவே பிரதிக்கு 5 இணைப்புகள் எனக் குறைத்துப் பாருங்கள். போதாவிட்டால் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் என்னும் மென்பொருளைச் செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நிறுத்துங்கள். அட்டவணை அமைப்பை மாற்றும் மைக்ரேஷன்களை மட்டும் அதன் வழியே அனுப்பாமல், நேரடி இணைப்பில், ஒரே ஒருமுறை இயக்குவது நல்லது.