கறுப்பு கார் பாலிஷ்: கீறல் விழுவது எங்கே?

வெள்ளைக் காரிலும் கீறல் விழத்தான் செய்கிறது, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். கறுப்பு, கருநீலம், அடர் மெரூன் வண்டிகளில் மெல்லிய கீறலின் விளிம்பு கூட வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அடியில் நிறம் இருட்டாக இருப்பதால் அந்தச் சிதறல் வெள்ளைக் கோடாகத் தெரியும். காரைக்குடி மத்தியான வெயிலில் பானட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிவது இதனால்தான். அவை உண்மையில் எல்லாத் திசையிலும் ஓடுகிற கீறல்கள். வெளிச்சம் விழும் கோணத்தால் வட்டமாகத் தோன்றுகின்றன.

இதைப் பார்த்ததும் "ஒரு பாலிஷ் போட்டா சரியாப் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். இங்கேதான் முதல் குழப்பம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய சுவர்கள் இருக்கின்றன. அது பூச்சின் மேல் பூச்சு ஏற்றி வந்த மினுக்கம். கார் பாலிஷ் அதற்கு நேரெதிர், அது மேலே இருப்பதைத் தேய்த்து எடுக்கும். நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சீவினால்தான் கீறல் மறையும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் படலம்தான். ஆகவே வருஷா வருஷம் தீபாவளிக்குக் காம்பவுண்ட் (கரடான பாலிஷ் பசை) போடுவது பராமரிப்பு ஆகாது, பெயின்டின் ஆயுளைக் குறைப்பது.

சரி, அந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் துணியிலிருந்து. செட்டிநாட்டுச் செம்மண் புழுதியில் நுண்ணிய குவார்ட்ஸ் மணலும் கலந்திருக்கும். கிளியர் கோட்டைவிட அது பல மடங்கு கடினமானது. காலையில் டிரைவர் தம்பி வண்டியை எடுக்குமுன் தோள் துண்டாலோ பழைய பனியன் துணியாலோ நாலு தட்டு தட்டித் துடைக்கிறாரே, அந்த ஒரு நிமிஷத்தில் விழுவதை எடுக்க அரை நாள் மெஷின் ஓட வேண்டியிருக்கும். இறகுத் தூரிகையும் அதே கதைதான். உலர்ந்த வண்டியை உலர்ந்த எதனாலும் தொடக் கூடாது. கறுப்பு கார் வைத்திருப்பவர் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், நான் இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

நம் ஊருக்கென்றே இன்னொரு தவறு உண்டு. ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வண்டி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீட்டு வாசலில் கவர் போர்த்தி மாதக்கணக்கில் நிற்கும். கழுவாத வண்டியின் மேல் கவர் போட்டால் புழுதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காற்று அடிக்கும்போதெல்லாம் கவர் அசைந்து அதை பெயின்ட் மேல் தேய்க்கும். கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கவர். கூரைக்கு அடியில், காற்று அடிக்காத இடத்தில் நிறுத்த முடிந்தால் கவரே வேண்டாம்.

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்ட வண்டிகளையும் சொல்ல வேண்டும். பானட்டில் வைத்த சந்தனம், குங்குமம், திருநீறு காய்ந்ததும் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். மாலையைக் கட்டிய கம்பியோடு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அது பானட்டை எத்தனை தடவை அறையும் என்று யோசித்துப் பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, கோயில் தாண்டியதும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்துப் புழுதியை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் சுத்தமான தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கழுவும் கையுறையை இரண்டாவது வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். ஒரே வாளி என்றால் கழற்றிய மணலையே திரும்பப் பூசுகிறோம். சக்கரத்துக்குத் தனித் துணி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் தானாகக் காயவிடக் கூடாது, வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடும். பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுத்தால் போதும்.

கழுவியபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒட்டிய அழுக்கு இன்னும் இருக்கிறது. அதை கிளே பார் (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, வழுக்குவதற்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து எடுக்க வேண்டும். கிளே கைதவறித் தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அதைக் கழுவிச் சேர்த்துக்கொள்ள முடியாது.

இனி பாலிஷ் மெஷின். வெயிலில் நின்ற கறுப்பு பானட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பொடியாகும். அந்தப் பொடியே கீறும். புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆற வேண்டும், அதாவது இங்கே விடியற்காலை அல்லது நிழல் ஷெட்.

அடுத்தது அவசரம். எடுத்ததுமே ரப்பிங் காம்பவுண்டும், மெஷின் முனையில் மாட்டும் கம்பளி பேடும் போடுவார்கள். பழைய கீறல் போகும், அதற்குப் பதிலாகப் புது வகைக் கோடுகள் வரும். வண்டி நகரும்போது கூடவே நகர்வது போலத் தெரியும் அந்தப் பட்டைகளை ஹோலோகிராம் என்பார்கள். பேடை ஒரே அச்சில் சுழற்றும் ரோட்டரி மெஷினைத் தவறாகப் பிடித்ததன் அடையாளம் அது. சில பட்டறைகளில் ரோட்டரி கூட இல்லை, வெல்டிங் ஆட்கள் வைத்திருக்கும் ஆங்கிள் கிரைண்டரிலேயே பேடை மாட்டிவிடுகிறார்கள். சின்ன கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். ரோட்டரி பாலிஷர்கள் பெரும்பாலும் சுமார் 3,000 சுற்றோடு நின்றுவிடும். கிரைண்டர் வேகத்தில் ஓரிடத்தில் இரண்டு நொடி நின்றால் பெயின்ட் வெந்துவிடும். அதைக் கையில் எடுத்த கடையிலிருந்து மரியாதையாக வண்டியை ஓட்டி வந்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. மென்மையான ஃபோம் பேடும் நைஸ் பாலிஷுமாக ஒன்றரை அடிச் சதுரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையானதற்குப் போகலாம். காம்பவுண்ட் தொட்ட பேடில் நைஸ் பாலிஷைப் போடக் கூடாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் மெலிதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

பேடில் வண்டியின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள், கிளியர் கோட் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இதில் ஒரு விலக்கு உண்டு. ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசடர், ஃபியட் போன்றவற்றில் பெரும்பாலும் தனி கிளியர் கோட் கிடையாது, நிறமேதான் மேற்பரப்பு. அவற்றில் பேடில் நிறம் ஏறுவது இயல்பு. பயப்பட வேண்டாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் போவது நிறம்தான் என்பதை மறக்க வேண்டாம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற கீறலைப் பாலிஷால் துரத்தாதீர்கள். அது போகுமுன் கிளியர் கோட் தீர்ந்துவிடும்.

காசு கொடுத்துச் செய்பவர்கள் ஏமாறுவது கடைசிக் கட்டத்தில். சில பாலிஷ்களில் இருக்கும் எண்ணெயும் நிரப்பியும் கீறலை அடைத்து மறைக்கும். கடையை விட்டு வரும்போது வண்டி ஜொலிக்கும், நாலு தடவை கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். பணம் கொடுக்குமுன் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் கெட்டியாக ஒட்டும் பாதுகாப்புப் பூச்சு) போடுவதாக இருந்தால் இது இன்னும் அவசியம். கீறல் மேல் கோட்டிங் போட்டுவிட்டால் அதைத் தேய்த்து எடுத்தால்தான் கீறலைத் தொட முடியும்.

மைக்ரோஃபைபர் துணிகளின் லேபிளை முதலிலேயே கத்தரித்துவிடுங்கள், அதுவும் கீறும். வீட்டு வேட்டி சட்டையோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும், கம்ஃபர்ட் மாதிரி திரவம் ஊற்றினால் துணி தண்ணீரை உறிஞ்சாது. தனி வாளி, கொஞ்சம் சோப்புத் திரவம், நிழலில் உலர்த்தல். கீழே விழுந்த துணி சக்கரம் துடைக்கப் போகட்டும்.