கேரம் மன்றத்தில் கிரிக்கெட்டையும் சமாதானத்தையும் பேசவைப்பது எப்படி?

வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ உள்ள ஒரு கேரம் மன்றத்தில், பகை நாடுகளுக்கிடையே விளையாட்டு ஏற்படுத்தும் உறவைப் பற்றி இளைஞர்களுடன் கலந்துரையாட விரும்புவோர், பொதுவான சமாதானப் பேச்சை விட்டுவிட்டு, நம் சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று முடிந்த டெஸ்டிலிருந்து தொடங்குவது நல்லது. 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன்னில் வீழ்ந்தபின் 258-க்குச் சுருண்டு, 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது; ஆயினும் அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டனர்.

அடுத்து, கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதுங்கள்: பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் சென்றார், மே மாதம் கார்கில் மோதல் வெடித்தது. அந்தக் கைதட்டலால் ஏன் எதையும் தடுக்க முடியவில்லை என்ற கேள்வியை இங்கேதான் எழுப்ப வேண்டும்; விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பிடுவதற்கு 1971-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் நகோயாவில் சீன அணியின் பேருந்தில் ஏறிய அமெரிக்க டேபிள் டென்னிஸ் வீரர் கிளென் கோவனுக்கு, சீன வீரர் ஜுவாங் செடோங் பட்டுத்துணி ஓவியம் ஒன்றைப் பரிசளித்தார். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் சென்றார். இரு அரசுகளும் முன்பே இரகசியமாகத் தூது விட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பரிசு பலித்தது என்பது என் கணிப்பு.

2011 உலகக் கோப்பையின் இந்தியா–பாகிஸ்தான் மொஹாலி அரையிறுதியை மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் சேர்ந்து பார்த்ததை ஒரு வரியில் கடந்துவிடலாம். அவையில் முன்னாள் ராணுவ வீரர் எவரேனும் இருந்தால் அவரை முதலில் பேசவிடுங்கள். ஐபிஎல் ஆட்டம் உள்ள மாலையில் மட்டும் கூட்டத்தை வைக்காதீர்கள், ஆள் வராது.