பேப்பர் மாரியோவில் தற்காப்பு தவறியதும் அதை நான் சரிசெய்ததும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘பேப்பர் மாரியோ: தி தௌசண்ட் இயர் டோர்’ விளையாடும்போது, எவ்வளவு கவனமாகப் பொத்தானை அழுத்தினாலும் மாரியோவின் தற்காப்பு தவறிக்கொண்டே இருந்தது. 2004-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுக் கருவிக்கு வெளியாகி, 2024-இல் அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்ட இந்த விளையாட்டில், காகிதத்தில் வெட்டி எடுத்தது போன்ற பாத்திரங்கள் பார்வையாளர்கள் நிறைந்த நாடக மேடையில் போரிடுகின்றன. முறைவைத்துத் தாக்கும் போர்தான் என்றாலும், அடி விழும் கணத்தில் ஏ பொத்தானை அழுத்தினால் சேதம் குறையும்; அதைவிடக் குறுகிய இடைவெளிக்குள் பி பொத்தானை அழுத்தினால் சேதமே இராது. என் அக்கா மகன் பி பொத்தானையே நம்பி விளையாடுபவன் என்பதால், அவனுக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

ஸ்விட்சைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் தாங்கியான டாக்கிலிருந்து எடுத்து, கூம்பா என்னும் அதே எதிரியுடன் ஸ்விட்சின் சொந்தத் திரையில் மோதிப் பார்த்தபோது தற்காப்பு பிசகவே இல்லை. ஆகவே தாமதம் தொலைக்காட்சியில் இருந்தது: அசைவை மென்மையாக்கவும் படத்தை மெருகேற்றவும் அது ஒவ்வொரு சட்டகத்தையும் சற்று நிறுத்திவைத்துக் காட்டியதால், கண்ணுக்கு அடி தெரிவதற்குள் விளையாட்டில் அந்தக் கணம் கடந்துவிட்டிருந்தது.

அமைப்புகளில் படப் பிரிவுக்குச் சென்று இந்த மெருகேற்றலைக் குறைத்துப் படத்தை விரைவாகக் காட்டும் ‘கேம் மோடு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அசைவு மென்மையாக்கலையும் அணைத்தேன். நிறங்கள் சற்று மங்கின. காகித விளிம்பின் வெள்ளைக்கோடு மட்டும் முன்போலவே தெளிவாக இருந்தது. எங்கள் தொலைக்காட்சி இவ்வமைப்பை ஒவ்வோர் எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியே வைத்திருப்பதால், கம்பியை இடம் மாற்றினால் மீண்டும் அமைக்க வேண்டும்.