ஐஸ் பெட்டிக்குள் இன்சுலினை வைக்காதீர்கள்

பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் சித்தப்பா, இன்சுலின் குப்பியை மீன் ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தார். "குளிர்ச்சியில வைக்கச் சொன்னாங்க. படகுல இதைவிடக் குளிர்ச்சி எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. உறைந்துவிட்டால் அது கெட்ட மருந்து. உருகிய பிறகு பார்ப்பதற்குப் பழையபடி இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. அவருக்கு நாலு நாள் ஊசி போட்டும் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. திட்டு விழுந்தது என்னவோ டாக்டருக்கு.

படகில் கொண்டுபோகிறவர்கள் குப்பியைத் துண்டில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஐஸ் நேரடியாகப் படாத இடத்தில் வைக்கலாம். வீட்டில் பிரிட்ஜ் கதவுத் தட்டு போதும், பிரீசர் வேண்டவே வேண்டாம். பிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு நிழலில் வையுங்கள். குப்பி தண்ணீரில் நனையாமல் டப்பாவில் இருக்கட்டும். திறந்த குப்பி பொதுவாக 28 நாள்தான், திறந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் கிடக்கும் இன்சுலினுக்கு அந்த 28 நாள் கணக்கும் செல்லாது.

அடுத்த தவறு இதைவிட ஆபத்து. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், இருப்பார். ஊருக்கு வரும்போது வளைகுடாவிலிருந்து வாப்பாவுக்கு இன்சுலினும் வாங்கி வருவார். அங்கே விற்பது 100 யூனிட் குப்பி, அதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. அந்தக் குப்பியிலிருந்து நம் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 யூனிட் இல்லை, 50. மாற்றிச் செய்தால், அதாவது 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால், போவது வெறும் 8. ஒன்றில் மயங்கி விழுவார், மற்றதில் "மருந்து கேட்கவில்லை" என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்? என் அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி, "காலையில 18, ராத்திரி 10" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படி இழுப்பது, எங்கே போடுவது என்று யாரும் காட்டவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஒரு மாதம் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்திலேயே போட்டு அங்கே கட்டி மாதிரித் தடித்துவிட்டது. அந்தத் தடிப்பில் போடும் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது, அதனால் தினமும் இடம் மாற்ற வேண்டும். இரண்டு வகை இன்சுலின் கலந்து கலங்கலாக இருக்கும் 30/70 குப்பியைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பத்துத் தடவை உருட்ட வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம் போய், "நான் மருந்து இழுக்கிறேன், நீங்க பாருங்க" என்று கேளுங்கள். அவர் போட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வருவது பாதிதான், நீங்கள் போடுவதை அவர் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் அக்காவிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம். உங்கள் சர்க்கரை அளவு ஏறி இறங்குவதை அவரிடமும் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மறைப்பதுதான். சித்தப்பா ஊசி போடுவது படகில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் விடியக்காலை வலை இழுக்கும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வார்த்தை குழறியிருக்கிறது. கூட இருந்தவர்கள் "தண்ணி போட்டுட்டு வந்திருக்காரு போல" என்று சிரித்திருக்கிறார்கள். நல்லவேளை, யாரோ சர்க்கரை அதிகம் போட்ட டீயைக் கையில் கொடுத்தார். அது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அதே அளவு குளுக்கோஸ் பொடியோ கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் சோறோ பிஸ்கெட்டோ. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கரையில் 108, கடலில் கடலோரக் காவல்படையின் 1554. இதைப் படகில் இரண்டு பேராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். மயங்கியவர் தனக்குத் தானே சர்க்கரை கொடுத்துக்கொள்ள முடியாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மறைப்பு இன்னும் மோசம். "ஊசி போடுறான்னு தெரிஞ்சா யாரு கட்டுவா" என்று நாட்டு மருந்துக்கு மாற்றி ஊசியை நிறுத்தும் வீடுகள் உண்டு. முதல் வகை சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. ஓரிரு நாள் நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து. காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளிலும் தானாக நிறுத்தக்கூடாது. டாக்டருக்குப் போன் போடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர்களுக்கும் சட்டென்று தோன்றாத ஒன்று நம் பருவக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரை ஏறுகிறது, அளவைக் கூட்டுகிறார்கள். தடை முடிந்து முதல் நாள் வலை இழுக்கும்போது அதே கூட்டிய அளவு ஆளைக் கவிழ்த்துவிடும். தடை தொடங்கும்போதும் முடியும்போதும் டாக்டரைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நோன்பும் அப்படித்தான். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே நோன்பு வைக்கலாமா, அளவை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். வழக்கமான காலை அளவை அப்படியே விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குப் போட்டால் பகலில் தாழ்சர்க்கரை வரலாம். 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்பது சும்மா. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் கரையேறியதும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரையால் கால் மரத்துப்போன சிலருக்குப் பாறை கிழித்தது தெரியவே தெரியாது.

சித்தப்பா படகில் இப்போது இஞ்சின் ரூமில் பாலிதீன் பையில் கட்டிய குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று தொங்குகிறது. கூட வருகிற பையன் அதை அடிக்கடி தின்று தீர்த்துவிடுகிறான் என்பதுதான் அவருடைய இப்போதைய குறை.