சாணைக் கொண்டு விகிதம் கற்பிக்கும் முறை

ஆறாம் வகுப்பில் விகிதம், விகிதசமம் ஆகிய பாடங்களைத் தொடங்கும்போது, கரும்பலகையில் எண்களை எழுதுவதற்கு முன்பே மாணவர்களின் கையில் இழுத்தால் நீளாத நூலைக் கொடுத்துவிடுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க, மற்றவர் உச்சந்தலை முதல் குதிகால் வரை நூலைப் பிடித்து வெட்ட வேண்டும். பிறகு அவரவர் நூலை அவரவர் சாணால் அளக்கட்டும். ஸ்கேலும் டேப்பும் இப்போது வேண்டாம். கையை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்க வேண்டும் என்பதை முதலிலேயே செய்து காட்டுங்கள். அரைகுறையாக விரித்தால் கணக்கு பத்துக்கும் மேலே ஏறிவிடும்.

பெரும்பாலானோருக்கு விடை எட்டை ஒட்டியே வரும். நெட்டையானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே எண் எப்படி வருகிறது என்று கேட்டு, அவர்களே பேசட்டும். ‘எறும்பும் தன் கையால் எண்சாண்’ என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

அடுத்ததாக டேப்பை எடுக்கலாம். ஒரு மாணவியின் உயரம் 144 செ.மீ., சாண் 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, 128 செ.மீ. உயரமுள்ள மாணவனின் சாண் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். உயரத்தில் 16 குறைவதால் சாணிலும் 16 குறையும் என்று சிலர் கழிப்பார்கள். அதை உடனே திருத்தாமல், விடையாக வந்த 2 செ.மீ.யை ஸ்கேலில் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்தச் சாணைப் பார்த்து வகுப்பு சிரித்து ஓய்வதற்குள், இங்கே கழித்தல் செல்லாது, வகுத்தலே வேண்டும் என்பது விளங்கிவிடும். இந்தப் பாடத்தின் உயிர்நிலை இதுதான் என்பது என் கருத்து. குறுக்குப் பெருக்கலை மனப்பாடம் செய்வித்து இதைக் கடந்துவிட்டால், மேல்வகுப்பிலும் பிழை கூடவே வரும். 144:18, 128:16 ஆகிய இரண்டும் 8:1 ஆகச் சுருங்குவதை இதன் பிறகே எழுதுங்கள்.

உண்மையான அளவுகள் இவ்வளவு சீராக வராது, 138 செ.மீ. உயரத்துக்கு 17 செ.மீ. சாண் என்றால் விகிதம் 8-ஐச் சற்றே தாண்டும். ஆகவே எல்லாருடைய அளவுகளையும் பெயர் குறிக்காமல் வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டு, அவை ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரு கோட்டின் இருபுறமும் சிதறுவதைக் காட்டலாம். உடல் எடையும் இடுப்பளவும் இந்தப் பயிற்சிக்குத் தேவையில்லை. குழந்தைகளின் மனம் கூசும்.

விகிதம் மாறும் இடத்தையும் காட்ட வேண்டும். பிறந்த குழந்தையின் நீளம் ஏறத்தாழ 50 செ.மீ., தலைச் சுற்றளவு 35 செ.மீ.; அதாவது 10:7. வளர்ந்தவருக்கு 165 செ.மீ., 55 செ.மீ. என்று கொண்டால் 3:1 ஆகிவிடுகிறது. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

வீட்டுப்பாடத்துக்குச் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையை எடுத்துக்கொள்ளலாம். படிமத்தின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, அதையே மடித்து உறுப்புகளின் அளவுகளைக் குறிப்பது அவர்கள் வழக்கம். உத்தம தசதாலம் என்னும் சிற்ப அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் படிமத்தின் உயரத்தைப் பொறுத்து மாறும். 31 செ.மீ. படிமத்தில் 12 அங்குலம் என்பது 3 செ.மீ.; 62 செ.மீ. படிமத்திலும் 93 செ.மீ. படிமத்திலும் அது எவ்வளவு என்று கணக்கிட்டு வரச் சொல்லுங்கள்.