கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் செய்யக்கூடாத தவறுகள்

பழைய மேனுவல் காரில் கியர் கடினமாக விழ ஆரம்பித்ததும் பலரும் சொல்வது, "கிளட்ச் போச்சு, மாத்திடலாம்." கியர்பாக்ஸை இறக்கிப் புது கிளட்ச் பிளேட் போட்டு ஏற்றிய பிறகும் சில வண்டிகளில் கியர் அதே மாதிரி முரண்டு பிடிக்கும். கோளாறு கிளட்சில் இருந்திருக்காது. கியர் மாறுவதில் மூன்று பகுதிகளுக்குப் பங்கு உண்டு: கிளட்ச், கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் ராடு அல்லது கேபிள், அப்புறம் கியர்பாக்ஸ். இதில் எது என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் பெரிய தவறு.

பிரித்துப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் ஓரிரு கியர் பல்லோடு பல் முட்டி நிற்கலாம். வண்டியை லேசாக நகர்த்திவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும். இப்போது இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், ஓடும்போது விழ மறுத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை, அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுக்கத் துண்டிக்கவில்லை. இரண்டு நிலையிலும் கடினம் என்றால் லீவர், கேபிள், புஷ் பக்கம் போங்கள். லீவர் அடியிலும் ராடு முனையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தாலே கியர் எங்கே இருக்கிறது என்று கை தேடும். அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிப்பது வீண் வேலை.

ரிவர்ஸில் வரும் 'கர்ர்' சத்தத்தைக் கேட்டு முடிவெடுப்பதும் தவறு. பல பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர் (கியர் உரசாமல் விழ, சுழலும் வேகங்களைச் சமன் செய்யும் பாகம்) கிடையாது. அவசரமாகப் போட்டால் உரசத்தான் செய்யும். கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் பிரியவில்லை என்று நம்பலாம்.

சரி, பிரியவில்லை என்று தெரிந்துவிட்டது. உடனே பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் பெடலுக்கு அடியில் பாருங்கள். மடங்கிக் கிடக்கும் மேட் பெடலை முழுக்க இறங்கவிடாமல் தடுப்பதுண்டு. கேபிள் வண்டி என்றால் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா, உறைக்குள் இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்) என்றால் பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியரைப் போடுங்கள். இப்போது விழுந்தால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது மாஸ்டர் (பெடல் பக்கம்), ஸ்லேவ் (கியர்பாக்ஸ் பக்கம்) சிலிண்டர்களில் ஒன்றின் சீல் தளர்ந்திருக்கிறது. இதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் மாடல்கள் மட்டும் விதிவிலக்கு.

கிளட்ச் திரவம் குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடுவதும் ஆபத்தான பழக்கம். அது ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. தனி டப்பாவில் அளவு இறங்கினால் எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே, கார்பெட் ஓரத்தில், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவைப் பகிர்கின்றன. பிரேக் பேட் தேய்ந்தாலும் அதில் அளவு இறங்கும் என்பதால் இரண்டையும் சோதிக்க வேண்டும். மூடியில் எழுதியுள்ள வகையைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 (பிரேக் திரவ வகைகள்) கேட்கும் டப்பாவில் இன்ஜின் ஆயில் போன்றவை கலந்தால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

கிளட்ச் பிரியாமல் இருப்பதும் வழுக்குவதும் எதிரெதிரான கோளாறுகள். இதைக் குழப்பிக்கொண்டு கேபிளை முறுக்குகிறவர்கள் நிறைய. கியர் விழவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போனால் பெடலின் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) காணாமல் போகும். காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சைப் பிரிக்கும் பேரிங்), பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் வழுக்கி, சூடாகி, சீக்கிரம் தேயும். வழுக்கலைத் தெரிந்துகொள்ள, காலியான சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மிதமான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி வேகமெடுக்காவிட்டால் வழுக்குகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு டாப் கியரில் திணறவிட்டுப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, உரசினால் அது கிளட்ச் அல்ல. கிளட்ச் கெட்டிருந்தால் எல்லாக் கியரிலும் தெரியும். அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் கியர் ஆயிலின் அளவையும் வகையையும் பாருங்கள். ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தர வகை) கேட்கும் கியர்பாக்ஸில் 'இன்னும் உயர்ந்தது' என்று ஜிஎல்-5 ஊற்றுவது நல்லதல்ல. அதிலுள்ள சில கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

உண்மையிலேயே பிளேட்தான் தேய்ந்திருக்கிறது என்றால், அதை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃப்ளைவீலில் நீலம் பாரித்த இடங்கள், கீறல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளேட்டில் ஆயில் படிந்திருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலோ இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிகிறது. அதை மாற்றாமல் ஏற்றினால் புது பிளேட்டும் நனைந்து வழுக்கும். வண்டி கிளம்பும்போது அதிர்வதற்கும், ஓட்டத்தில் கியர் தானாகக் கழன்று விழுவதற்கும் கிழிந்த இன்ஜின் மவுண்ட் காரணமாகலாம் என்பதால், அதையும் பார்த்த பிறகே ஜாக்கியை எடுங்கள். காரைத் தூக்கிவிட்டால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.